சொட்டு அக்காவின் தண்ணீர்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பதினைந்து வருடமாக உதவியாளராக இருப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சொட்டு அக்கா. யாராவது குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டால், பாடம் நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே வந்து, "சொட்டுது பாரு, யாரு கை அது?" என்று கேட்பார். தலைமை ஆசிரியருக்கும் அதே மரியாதைதான். நான் இந்தப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்த முதல் வாரமே, ஏழாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு ஒரு மாதம் இருந்தது. அப்புறம் பார்த்தால், அந்தக் கட்டடத்திலேயே சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்கிற ஒரே ஆள் அவர்தான். சண்டை போட்டுக்கொண்டே நெருங்கிவிட்டோம்.

பத்தாவது வரை படித்தவர். முதலில் பள்ளியைப் பெருக்கத்தான் வந்தார். ஒரு நாள் ஆய்வகத்து ஆள் வரவில்லை என்று சோதனைக் குழாய்களைக் கழுவச் சொன்னார்களாம். கழுவி, ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறை இருந்ததை மறுபடியும் கழுவி அடுக்கினாராம். அதற்குப் பிறகு அவர் கையில் துடைப்பத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. புட்டிகளுக்கெல்லாம் அவர் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். எது, எங்கிருந்து, எந்தத் தேதி என்று மூன்றும் இருக்கும்.

கல்யாணமான இரண்டாம் வருடம் கணவர் வேலை தேடி வெளியூர் போனார். "வேலை கிடைச்சிருச்சு போலிருக்கு டீச்சர், திரும்பி வரவே நேரமில்ல," என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார். பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருக்கிறார். இரண்டு அறை, ஒரு சமையலறை, கொல்லையில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவை நிறுத்த முடியாது. தெருவில் பாதிப் பேர் வீட்டுத் தண்ணீர் உப்பு, இவர் வீட்டுத் தண்ணீர் மட்டும் இனிப்பு. அடியில் கிடக்கும் காசு தெரியுமளவு தெளிவு.

தம்பிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அந்த வீட்டில் இருந்தது. அக்கா மூச்சுக்கு முந்நூறு தடவை அதைப் பற்றிப் பேசுவார். தாய்ப்பால் போதவில்லை என்று பிறந்த பத்தாம் நாளிலிருந்து டப்பா மாவைத் தண்ணீரில் கரைத்த பால். ஆறாவது வாரத்தில் குழந்தையின் உதடும் நகக்கண்ணும் நீலம் பாய ஆரம்பித்தன. அழுதால் இன்னும் கருத்தது. இருதயத்தில் ஓட்டை இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். அக்கா அன்று ஆய்வகத்தில் ஒரு பீக்கரை உடைத்தார். அவர் கையால் கண்ணாடி உடைந்து நான் பார்த்ததில்லை.

"டாக்டர் எல்லாம் விசாரிச்சாரு டீச்சர்," என்றார் துண்டுகளைப் பொறுக்கியபடி. "பாலை எந்தத் தண்ணியில கலக்கறீங்கன்னுகூடக் கேட்டாரு. எங்க கிணத்துத் தண்ணி சார், ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணது, அதையும் இருபது நிமிஷம் கொதிக்க வச்சுத்தான் கலக்கறோம்னு சொன்னேன். அப்ப அது பிரச்சினையில்லன்னுட்டாரு. இருதயம்தான் போல."

நானும் தலையாட்டினேன். அந்த டெஸ்ட்டை நடத்தியவள் நான்தானே.

அதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் நடத்தினால் பரீட்சையோடு போய்விடும் என்று நான் ஒரு மன்றம் ஆரம்பித்திருந்தேன். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சுற்றுத் தெருக்களுக்குப் போய், கிணறும் போர்வெல்லுமாக நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வருவார்கள். தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்ப்போம். கழிவுநீரும் உரமும் மண்ணில் இறங்கினால் நிலத்தடி நீரில் சேர்கிற சமாச்சாரம் அது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி ஒரு பொடியைப் போட்டால், நைட்ரேட் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்பு என்று ஒரு சின்ன மீட்டர் எண்ணில் காட்டும். ஐம்பதைத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

மீட்டருக்கு முதலில் பூஜ்யம் எது என்று சொல்லித்தர வேண்டும். அதற்கு, எதுவுமே கலக்காத டிஸ்டில்ட் வாட்டரில் அதே பொடியைப் போட்டு மீட்டரில் வைப்போம். அக்கா ஒரு வெள்ளைப் புட்டியில் அந்தத் தண்ணீரை எப்போதும் நிரப்பி வைத்திருப்பார். அந்தக் குழாயும் சிவப்பாகும். முதல் வருடமே ஒரு பையன் கேட்டான், "சுத்தமான தண்ணி ஏன் மிஸ் சிவப்பாகுது?" என்று. நான் யோசிக்கக்கூட இல்லை. "அது பொடியோட சொந்த நிறம். அதைக் கழிக்கிறதுக்குத்தான் இந்தக் குழாய்," என்றேன். எவ்வளவு அழகான பதில் பாருங்கள். வீட்டுத் தண்ணீர்களுக்கு மீட்டர் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸ் காட்டியது. "இந்த மீட்டர் அப்படித்தான், பூஜ்யம்னு எழுதிக்கோங்க," என்றேன். மூன்று வருடம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பூஜ்யம். பிள்ளைகள் பச்சை அட்டையில் 'நல்ல தண்ணீர்' என்று எழுதி வீடு வீடாகக் கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்கும் ஒன்று. எங்களுக்குப் பசுமைப் பள்ளி விருது வரப்போவதாகத் தலைமை ஆசிரியர் புதுச்சட்டைகூடத் தைத்துவிட்டார்.

அந்த வருடத்துச் சோதனை ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில் நடந்தது. அக்கா லீவு. குழந்தையை ஸ்கேனுக்காக முதல் நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மேசைமேல் வெள்ளைப் புட்டி காலியாக இருந்தது. அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பாவுக்குப் பள்ளி வாசலுக்கு எதிரிலேயே பேட்டரிக் கடை.

"மிஸ், எங்க அப்பா கடையில பேட்டரிக்கு ஊத்தற தண்ணி இருக்கு. அதுவும் டிஸ்டில்ட்தான். வாங்கிட்டு வரட்டுமா?"

போய் வாங்கி வந்தாள். சீல் உடைக்காத பாட்டில். பேட்டரித் தண்ணீரில் பொடியைப் போட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தோம். குழாய் நிறமே மாறவில்லை.

"மிஸ், பொடி வேலை செய்யல," என்றாள் அவள், அப்பாவின் தண்ணீருக்கு அவமானம் வந்துவிட்டது போல.

பொடி பழசாகியிருக்கும் என்று எரிச்சலோடு இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன். மறுபடியும் அதே நிறமில்லாத தண்ணீர். சரி, இதையே வைத்து மீட்டரைப் பூஜ்யமாக்கி, வீட்டுத் தண்ணீர்களை வரிசையாக வைத்தோம். எல்லாக் குழாயும் வழக்கம்போல சிவப்பு. மீட்டர் முதல் வீட்டுக்கு அறுபத்திரண்டு என்றது. இரண்டாவது வீட்டுக்கு எண்பது. அதற்கடுத்ததற்கு நூற்றுப் பத்து. எண்களை எழுத நின்ற பையன் சாக்பீஸோடு என்னைப் பார்த்தான். "எழுதட்டுமா மிஸ்?" என்றான்.

பொடிக்குச் சொந்த நிறம் என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படியானால் மூன்று வருடமாகப் பூஜ்யம் என்று வைத்தோமே, அந்தச் சுத்தத் தண்ணீர் எது?

ஆய்வகத்தின் கோடியில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கிற இயந்திரம் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருப்பதாகவே நான் நினைத்திருந்தேன். மூடியைத் தூக்கினால் உள்ளே தூசியும் செத்த பல்லியும். ரிப்பேர் நோட்டை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியில் அக்காவின் கையெழுத்து: 'டிஸ்டில்ட் வாட்டர் மெஷின் காயில் எரிந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகப் படிகிறது. சரிசெய்யும்வரை எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிக் கொண்டுவருகிறேன்.' அதற்குக் கீழே, பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து. அது என்னுடையது. படிக்காமல் போட்டது.

மேசைக்கு அடியில் ஐந்து லிட்டர் கேன் இருந்தது. அதிலும் சீட்டு: எது, எங்கிருந்து, எந்தத் தேதி. அதிலிருந்து ஒரு குழாய் ஊற்றிப் பொடியைப் போட்டேன். ஐந்து நிமிடம் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. ரத்தம் மாதிரி ஏறியது. மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. சுற்று வட்டாரத்திலேயே மோசமான தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மற்றவையெல்லாம் அதைவிட நல்லது, அதனால் நல்லது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம்.

அப்போதுகூட எனக்கு முதலில் ஞாபகம் வந்தது விருதுதான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அதற்கப்புறம்தான் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருடமும் நான் கேட்கிற கேள்வி. 'நைட்ரேட் மிகுந்த நீரால் கைக்குழந்தைகளுக்கு ஏற்படும் நோய் எது?' ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய்க் குழந்தை நீலமாகிவிடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். பதில் நீலக் குழந்தை நோய். இரண்டு நாள் முன்னால் என் எதிரே நின்று அக்கா நீலம், நீலம் என்று புலம்பியபோது, அந்தப் பதில் என் மண்டையில் எங்கே போய்ப் படுத்திருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்காவுக்கு நான்கு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டில். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கிலிருந்து பால் கலந்து பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி மடியில் குழந்தை. உதடு நாவல் பழத்தைத் தின்றது போல இருந்தது. நான் பாட்டிலைப் பிடுங்கினேன்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"இதைக் கொடுக்காதீங்க. இந்தத் தண்ணியில ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீங்க."

தம்பி மனைவி பயந்துபோய்க் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அண்ணி, இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். கிணறு, பொடி, மீட்டர், பேட்டரித் தண்ணீர் என்று தலைகீழாக ஏதோ சொன்னேன். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். அவரிடம் எண்களைச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் எடுத்தார். ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. காற்றுப் பட்டால் சிவக்க வேண்டும் என்று அவர் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நிறம் மாறவே இல்லை.

நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நான் தண்ணியப் பத்திக் கேட்டேனேம்மா. டெஸ்ட் பண்ணதுன்னு சொன்னீங்களே."

நரம்பில் மருந்து ஏறியது. ஒரு மணி நேரத்தில் குழந்தையின் உதடு மெல்ல வெளுத்து, பிறகு ரோஜா நிறத்துக்கு வந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. தம்பி மனைவி அழுது அழுது தூங்கிப்போனாள். அக்கா மட்டும் வராந்தா பெஞ்சில் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஸ்கூல்ல நான் ஊத்தி வச்ச தண்ணியிலதானே எல்லாரு வீட்டையும் அளந்தோம்?"

"ஆமாக்கா."

"அப்ப எல்லாரும்?"

அவர் எழுந்து வார்டிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்துவந்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

மறுநாள் தலைமை ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். குழந்தை பிழைத்துவிட்டது, நல்லது. விருது விழா அடுத்த வாரம். அது முடியட்டும், இயந்திரத்தைச் சரிசெய்து, இந்த வருடத்து முடிவு என்று புதிதாக அறிவித்துவிடலாம், பழசைக் கிளற வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா ஆய்வகச் சுவரிலிருந்த மூன்று வருடத்துத் தண்ணீர் அட்டவணையைக் கழற்றி, சுருட்டி, ஏழாம் வகுப்புக்குள் போய்விட்டார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

பேட்டரிக் கடைக்காரர் மகள்தான் கேட்டாள். "அப்ப நாங்க வீடு வீடாப் போய்ச் சொன்னது பொய்யா அக்கா?"

"பொய்யில்லம்மா, தப்பு. தெரிஞ்சு சொன்னாத்தான் பொய்." சுருட்டிய அட்டவணையை மேசைமேல் வைத்தார். "ஆனா தண்ணி குடிச்சவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று மதியமே பிள்ளைகள் தங்கள் வீடுகளில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பன்னிரண்டு வீட்டுப் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்டார்கள். விருது வந்த வழியே போயிற்று. பேட்டரித் தண்ணீரை வைத்து நாற்பத்திரண்டு வீட்டையும் மறுபடி அளக்க முடிவானது. குடிக்கக் கூடாத தண்ணீர் எத்தனை வீட்டில் என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. நாற்பத்தோரு வீடு முடிந்தபோது இருபத்தொன்பது. கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் பத்தடிகூட விடாமல் நெருக்கிக் கட்டிய தெருக்கள். அக்கா வீட்டில் ஆறடிதான். கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு அக்காவே முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார்.

மீதியிருந்த ஒரு வீட்டுக்கு எந்த ஜோடியையும் அனுப்ப வேண்டாம் என்றார் அக்கா. "அங்க நான் போறேன்." ஏன் என்று எனக்குத் தெரியும். அது தையல்காரர் வீடு. போன வருடம் அந்த வீட்டில் ஒரு ஆண் குழந்தை இரண்டு மாதத்தில் இறந்துபோனது. இருதயம் என்றார்கள். நாங்கள் இருவரும் துக்கம் விசாரிக்கப் போய்வந்தோம். நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லமாட்டாரா என்று ஒரு ஆசை. சொல்லவில்லை.

தையல்காரர் மனைவிதான் கதவைத் திறந்தாள். அவளுக்கு ஐந்தாவது மாதம். எங்களை உள்ளே கூப்பிட்டு, தைக்க வைத்திருந்த துணிகளை நாற்காலியிலிருந்து எடுத்தாள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பம் முதல் சொன்னார். என் வீட்டுத் தண்ணியை நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் ஊற்றி வைத்தேன், உன் தண்ணி நல்லதுன்னு சொன்னது நான்தான் என்று. ஒரு இடத்தில்கூட நாங்கள் என்று சொல்லவில்லை. பொடிக்குச் சொந்த நிறம் உண்டு என்று பாடம் நடத்தியது யார் என்றும் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. பக்கத்தில் சும்மா நின்றேன்.

அவள் தையல் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அப்ப டாக்டர் இருதயம்னு சொன்னது?" என்றாள்.

"தெரியாதும்மா. இருதயமாவும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப ஏன்க்கா இப்ப வந்து சொல்றீங்க?"

அக்கா அவள் வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த காலிப் புட்டியை நீட்டினார்.

அவள் கத்துவாள், மேலே விழுந்து அடிப்பாள் என்று நான் நினைத்தேன். புட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பிறகுதான் விளிம்பு வரை நிரப்பி, மூடியைத் திருகி, முந்தானையால் வெளியே துடைத்தாள். மூன்று தடவை அலச வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு படி தவறாமல் செய்தாள்.

அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி வந்து புட்டியை என் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவையாவது சரியா பாத்துச் சொல்லுங்க டீச்சர்," என்றாள்.